நடுவானில் நின்ற நீர்நாய்க்குட்டி

வாப்பா கொண்டுவந்த டிவி கேம் பெட்டியின் அடாப்டர் எவ்வளவு சூடாகும் என்று என் உள்ளங்கைக்கு இன்றைக்கும் தெரியும். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடத்தில், தேநீர் குடித்துவிட்டு வைத்த டம்ளர் மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் போனால் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி. அதற்கு மேலும் ஓடினால் நான் கையை எடுக்க மாட்டேன். எடுத்தால் அந்த நேரம் பார்த்துத்தான் தீப்பிடிக்கும் என்று ஒரு எண்ணம். கை வைத்திருந்தால் மட்டும் எப்படிப் பிடிக்காமல் இருக்கும் என்று கேட்கக் கூடாது. பயந்து பயந்து வாழ்கிறவர்களுக்கு அவரவர் ஏற்பாடு இருக்கும். எனக்கு அது.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எனக்கு ஏழாம் வகுப்பில் நின்றது. காலாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தேன். விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பதற்குள் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். கணக்கில் எத்தனை மார்க் என்று இன்றுவரை தெரியாது. நன்றாக எழுதியிருந்ததாகத்தான் ஞாபகம். ஏழாவது கணக்கில் மட்டும் ஒரு சந்தேகம்.

அதற்குப் பிறகு பீடிச் சுளகு மடிக்கு வந்தது. இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். உம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவோம். எனக்கு மூத்த லாத்தாமார் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வாப்பா அரபு நாட்டில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அவர் முகம் எனக்குப் பாஸ்போர்ட் போட்டோவில்தான் அதிகப் பழக்கம். குரல், அவர் பேசி அனுப்பும் கேசட்டில். டேப்ரிக்கார்டரில் அதைப் போட்டால், இருமல் ஒன்று இருமிவிட்டு "எல்லாரும் சொகமா இருக்கியளா?" என்று தொடங்குவார். நாங்கள் பீடி சுற்றிக்கொண்டே "இருக்கோம்" என்போம்.

எனக்குப் பதினாலு வயதானபோது அவர் வந்த லீவில்தான் அந்தப் பெட்டி வந்தது. சூட்கேசில் உம்மாவுக்குச் சேலை, எல்லாருக்கும் சென்ட், சோப்பு, தைலம். அதற்கெல்லாம் அடியில், பழைய சட்டையில் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டியும் இரண்டு ரிமோட்டு மாதிரி சாமானும்.

"என்னதுங்க இது?" என்றாள் உம்மா.

"டிவி கேமு. இந்தப் புள்ளைக்கு."

"வயசுக்கு வந்த பிள்ளைக்கு வெளாட்டுச் சாமானா? மத்தவுக சீருக்குப் பாத்திரம் கொண்டாருதாக."

"சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது. ரத்தம் கிடையாது. நீர்நாய்க்குட்டி ஒண்ணு குதிச்சுக் குதிச்சுப் போவும். வீட்டோட இருக்க பிள்ளைக்கு வேற என்ன இருக்கு?" என்றவர், என் பக்கம் திரும்பி, "ஏளா, இங்கன வா. இந்த வயரைப் பிடி" என்றார்.

அந்தப் பெட்டிக்குள் செருகும் கேசட் ஒன்றே ஒன்று. அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு நீர்நாய்க்குட்டி மிதக்கும் மரக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வானம் முழுக்க, பெரிய நீர்நாய் ஒன்றின் முகம் புகைபோல் வரைந்திருந்தது. அது தாய் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"இது பொம்மைப் படமா வந்தது" என்றார் வாப்பா. "அதை வச்சுத்தான் இந்தக் கேமு போட்டிருக்கான். நான் முதலாளி வீட்டுல பாத்திருக்கேன்."

அவருக்கு அங்கே ஒரு வேலை, சாயங்காலம் அந்த வீட்டுப் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது. பிள்ளைகள் கிளம்பும்வரை ஹாலுக்கு வெளியே செருப்புகள் கிடக்கும் இடத்தில் நிற்பார். உள்ளே டிவியில் அந்தப் படம் ஓடும். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

"வெள்ளத்துல தாயும் குட்டியும் பிரிஞ்சிரும். குட்டி என்ன செய்யும், தண்ணி வரத்துக்கு எதுத்தாப்புல நீந்திப் போவும். வழியில அருவி, அணைக்கட்டு, என்னல்லாமோ. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"பொறவு?"

"பொறவு எனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்கு வண்டியை எடுக்கச் சொல்லிருவாக."

"ஒரு மட்டம் கூடவா முழுசாப் பாக்கலை?"

"பத்து மட்டம் பாத்திருப்பேன்ளா. பத்து மட்டமும் அணைக்கட்டு வரைக்கும்தான்."

உம்மா சுளகிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "அந்தப் புள்ளையள்ட்ட கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்க? மீசை வச்ச டிரைவர் போயி, குட்டி தாய்கிட்ட போய்ச் சேந்துச்சா சேரலையான்னு கேப்பானா?"

"பிள்ளையள் பாக்குத படம். சேராம எங்க போவும்?"

"சேரும்னுதான் நானும் நெனைக்கேன். கண்ணால பாக்கணும்லா."

அதற்காகத்தான் அந்தக் கேசட்டை வாங்கியிருந்தார். கேமை முடித்துவிட்டால் படத்தின் முடிவைக் காட்டுவான் என்று கடைக்காரன் சொன்னானாம். கடைக்காரன் சொன்னானா, இவராக நினைத்துக்கொண்டாரா, தெரியாது. அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு வேலை அதுதான்.

ஒரு ஆட்டத்துக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து. எங்கே விட்டோம் என்று அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனாலும் முதலிலிருந்துதான். வாப்பா ஆடினால் சிரிப்பாக இருக்கும். குட்டி குதிக்க வேண்டிய இடத்தில் இவரும் குதிப்பார். ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவார், வயர் இழுத்து டிவி ஆடும். குட்டி தண்ணீருக்குள் விழும். "அவனைப் பாத்துப் போகச் சொல்லு, அவனை யாரு அங்கன நிக்கச் சொன்னா?" என்று மீனைத் திட்டுவார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எனக்கு விரல் ஓடியது. இலை நுனியை மடக்கி மடக்கிப் பழகிய கட்டைவிரல், பட்டனை அழுத்துவதில் தப்பாது. கஷ்டமான இடம் வந்தால் வாப்பா என்னிடம் நீட்டிவிடுவார். "பீடி சுத்துத கைகிட்ட குடுத்துருவோம்." பள்ளிக்கூடத்தில் வாங்காத பாராட்டு. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விழாமல் குதித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் சூட்கேசுக்குப் பூட்டு வாங்க ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் அவர் குனிந்து என் காதருகே சொன்னார்.

"இந்த ஆத்துல நீர்நாய் உண்டும், தெரியுமாளா? சின்னதுல நான் பாத்திருக்கேன். அந்தா, அந்தக் கல்மண்டபத்துக்குக் கீழ."

"தாயும் குட்டியுமாவா?"

"மூணு நாலு கெடந்துச்சு. எது தாயி எது குட்டின்னு யாரு கண்டா. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு."

நான் மண்டபத்தைப் பார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது பார்க்கலாம் என்றிருந்தேன். வரும்போது மறுபக்கம் சீட்டு கிடைத்தது.

அவர் புறப்படுகிற நாள் வந்தது. திருவனந்தபுரத்தில் விமானம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கார் வரும். காலையிலிருந்து ஆட்கள் வருவதும் துஆ செய்வதும் போவதுமாக இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு கொஞ்சம் ஓய்ந்தது. வாப்பா புதுச் சட்டை போட்டு, சென்ட் பூசி, கிளம்பத் தயாராக இருந்தவர், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டிவியைப் போட்டார். "ஒரே ஒரு ஆட்டம்."

அந்த ஒரு ஆட்டத்தில்தான் அதிசயம் நடந்தது. அருவியைத் தாண்டினோம். அணைக்கட்டையும் தாண்டினோம். படத்தில் வாப்பா கடைசியாகப் பார்த்த இடம் அது. அதற்கு அப்பால் இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு ஸ்டேஜ் வந்தது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் கட்டைகள் வேகமாக வந்தன. தூரத்தில், திரையின் மேல் மூலையில், ஒரு பாறை. பாறை மேல் என்னவோ ஒரு நிழல்.

"அதுதான்ளா. அதுதான் தாயி" என்றார் வாப்பா. ரிமோட்டு அவர் கையில் இருந்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

அவர் நிறுத்தும் பட்டனை அழுத்தினார். குட்டி ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குப் பாதிதூரம் குதித்திருந்தது. அப்படியே நின்றது. நான்கு காலும் காற்றில்.

"பாத்தியா, இங்கனயும் வண்டியை எடுக்கச் சொல்லிட்டாக" என்று சிரித்தார். சிரித்தார் என்றுதான் எழுத முடியும். ரிமோட்டை என் கையில் வைத்தார். "நீ முடிச்சு வை. போன் பண்ணும்போது கேப்பேன், சேந்துச்சா இல்லையான்னு."

பயணம் போகிறவருக்காக வாசலில் பாங்கு சொன்னார்கள். வாப்பா வலது காலை எடுத்து வைத்து இறங்கினார். கார் தெருமுனை திரும்பியது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் போனவரின் காலடியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியதாகிவிடும். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசலில் சொல்வார்கள். ஆமாம் என்று கேட்டுக்கொண்டு வந்து, விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிடுவாள் உம்மா. பீடி சுற்றுகிற வீட்டில் ஒருநாள் கூட்டாவிட்டாலே இலைத்துணுக்கு கணுக்காலுக்கு வரும். தூள் தும்மலைக் கொண்டுவரும். ஆனாலும் தொட மாட்டாள்.

நான் டிவியை மட்டும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூக்கில் சின்னச் சிவப்பு விளக்கு. நாங்குநேரி தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். வள்ளியூர். நாகர்கோவிலில் தேநீர் குடிக்க இறங்குவார். அப்புறம் எனக்கு ஊர்ப் பெயர் தெரியாது. ஊர்ப் பெயர் தீர்ந்ததும் பயம் வந்தது.

குட்டியை மறுபடி ஓடவிட எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே அது கீழே வரும். கட்டையில் கால் படலாம், படாமலும் போகலாம். வாப்பா வானத்தில் இருக்கும்போது இதைத் தண்ணீருக்குள் விழவிட்டால்? நினைப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க நான் விடவில்லை. அவர் இறங்கட்டும், அதற்குப் பிறகு இதை இறக்கலாம். அதுவரை இது அப்படியே நிற்கட்டும்.

உம்மாவுக்குச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது.

"அதை ஏன்ளா அமத்தாம வச்சிருக்க?"

"இருக்கட்டும் உம்மா."

"சூடாயி வெடிச்சுதுன்னா? இலையும் தூளுமாக் கெடக்குத வீடு."

"நான் கை வச்சுப் பாத்துக்கிடுதேன்."

"உங்க வாப்பாவுக்குத்தான் பைத்தியம்னு நெனைச்சேன்."

ராத்திரி நான் தூங்கவில்லை. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை. கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாள். கடை முன்னால் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, கீழே கிடந்த அன்றைய பேப்பரை எடுத்துப் படித்தேன். எந்தத் தாள் கிடைத்தாலும் படிப்பேன், படிப்பு நின்றவர்களுக்கு அது ஒரு வியாதி. கீழ் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இருந்தது: பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்சாரம் இருக்காது. ஊர்ப் பெயர்களில் எங்கள் ஊர். மறுபடி படித்தேன். எங்கள் ஊர்தான். நாளைக்குள் வாப்பா போன் பண்ணுவாரா? அங்கே இறங்கி, முதலாளி வீட்டுக்குப் போய், போன் செய்ய நேரம் கிடைத்து... போன முறை நான்காம் நாள்தான் பண்ணினார்.

பீடிக்கடைக்கு அடுத்தது ரேடியோ ரிப்பேர்க் கடை. அங்கே இருந்த அண்ணாச்சி பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை. உம்மா பீடியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அங்கே போய் நின்றேன். ஆண்பிள்ளைக் கடையில் நான் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, கரண்ட் போனாலும் டிவி கேம் நிக்காம ஓட வழி இருக்கா?"

அவர் பற்றவைக்கிற கம்பியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். "கரண்ட் இல்லாம டிவியே ஓடாதே தாயி. எதைப் பாத்து வெளாடுவ?"

"வெளாட இல்லை. பெட்டி மட்டும் அமராம இருக்கணும்."

"எதுக்கு?"

"வாப்பா இன்னும் போய்ச் சேரலை."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "பிளேனு உங்க வீட்டு அடாப்டர்லயா ஓடுது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துப்பட்டியை இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏ பிள்ள, நில்லு. எங்கம்மையும் எங்கண்ணன் மிலிட்டரிக்குப் போகையில மூணு நாளு விளக்கமாத்தை எடுக்க மாட்டா. வீட்டுல டேப்ரிக்கார்டர் கெடக்கா? பெரிசா?"

"இருக்கு."

"அதுல ஆறு பேட்டரிக்கட்டை போடுவாக. ஆறு கட்டைக்கு ஒம்பது வோல்ட்டு. உன் பெட்டி குடிக்கிறதும் ஒம்பதுதான். சரியாப் போச்சு." ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அடாப்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற இரட்டை வயரில் ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் தோலைச் சீவ வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் சீவக் கூடாது, உரசிவிடும். கோடு போட்ட வயரில் இந்த முனை, கோடு இல்லாததில் அந்த முனை. பேட்டரிக்கட்டைகளை வரிசையாகத் தாளில் சுருட்டி, இரண்டு பக்கமும் வயர் வைத்து, நூலால் இறுக்க வேண்டும்.

"பீடி சுத்துத பிள்ளைதானே? அதே மாதிரிச் சுருட்டு" என்றார். "கரண்ட் போறதுக்கு முன்னாடி மாட்டிரணும். போனப்பொறவு மாட்டுனா பிரயோசனம் இல்ல. பைய செய். அது கடிக்காது, பயப்படாத." இரண்டு துண்டு வயரும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் படியிறங்கும்போது, "போய்ச் சேந்துருவாக" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே உட்கார்ந்தேன். டேப்ரிக்கார்டரின் முதுகைத் திறந்து ஆறு பேட்டரிக்கட்டையையும் எடுத்தேன். வாப்பாவின் குரலை எடுப்பது போல இருந்தது, அதற்கும் ஒரு பயம் பயந்தேன். பீடி லேபிள் தாளில் சுருட்டி நூல் சுற்றினேன். கத்தரியால் வயரின் தோலைப் பையப் பையச் சீவினேன். கொஞ்சம் அழுத்தினால் வயரே அறுந்துவிடும். உம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து, வயர் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கோடு போட்டதுல எதைன்னு சொன்னாரு?"

"இதை."

"சரியாக் கேட்டியாளா?"

சரியாகக் கேட்டேனா? எனக்கே தெரியவில்லை. தாளைப் பார்த்தேன். முறுக்கினேன்.

ஒன்பதாகிச் சற்று நேரத்தில் மின்விசிறி தளர்ந்து நின்றது. தெருவில் விசைத்தறிச் சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது போலிருந்தது. அப்புறம் நின்று எரிந்தது.

"எரியுது" என்றாள் உம்மா. அவள் குரலில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் பாதத்தைச் சுற்றி மூன்று நாள் இலைத்துணுக்கு கிடந்தது. விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தேன். குட்டி நான்கு காலும் காற்றில் இருக்க அதே இடத்தில் இருந்தது. பாறையும் நிழலும் அப்படியே. உடனே அணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை, போன் இருக்கிற வீட்டு மாமி ஜன்னல் வழியே கத்தினாள். "ஏளா, உங்க வாப்பா போனு! சட்டுனு வாங்க, பத்து நிமிசத்துல திரும்ப அடிப்பாராம்."

ஓடினோம். மணி அடித்ததும் உம்மா எடுத்தாள். "போய்ச் சேந்துட்டியளா? சாப்பிட்டியளா? எப்ப எறங்குனிய? ... அல்ஹம்துலில்லாஹ்" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மாமி ஒருபக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"வாப்பா."

"சொகமா வந்து சேந்துட்டேன்ளா." இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் வந்தது. நான் பேசினால் என் குரலே திரும்பி என் காதுக்கு வந்தது. "சொல்லு. என்னாச்சு? சேந்துச்சா?"

என்ன சொல்ல? இன்னும் குதித்தபடிதான் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. சிரித்திருப்பார். ஆனால் அன்றைக்கு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறவரிடம், சேரவில்லை என்ற சொல்லை எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் அந்தக் கட்டையைத் தாண்டி, அதற்கடுத்ததைத் தாண்டி, ஒரு கால் மணி நேரத்தில் நிஜமாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"சேந்துட்டு வாப்பா."

"சேந்துட்டா!" என்றார். இரைச்சல் மட்டும் கேட்டது. "நான் சொன்னேன்லா" என்றார். லைன் போய்விட்டது.

வீட்டுக்கு ஓடி வந்தேன். வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே தரை பளிச்சென்று இருந்தது. மூன்று நாள் இலையும் தூளும் வாசலுக்கு வெளியே ஒரு குவியலாகக் கிடந்தன. உம்மா விளக்குமாறும் கையுமாக டிவி மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள். அடாப்டரைக் கழற்றி, வயரைச் சுருட்டி, பேட்டரிக்கட்டைகளை டேப்ரிக்கார்டர் மேல் ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.

"உம்மா!"

"என்னளா? அதான் வாப்பா போய்ச் சேந்தாச்சுல்லா? இனி எதுக்கு அது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் காரணமும் அதுதானே. நான் கூட்டிய தரையில் உட்கார்ந்து அழுதேன். உம்மா, வாப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாக ஆடினேன். வேலை முடிந்த மத்தியானங்களில், கரண்ட் இருக்கும்போது, எத்தனை மாதம் என்று தெரியாது. பக்கத்தில் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறவர் இல்லை. இரண்டாவது ரிமோட்டை அவர் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு ஆடுவேன். அணைக்கட்டிலேயே எல்லா உயிரும் போகும். நடுவில் வாப்பாவின் கேசட் வந்தது. இருமிவிட்டு, எல்லாரையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, குட்டி சேந்ததை இங்க ரூம்ல எல்லார்ட்டயும் சொன்னேன். எப்படிச் சேந்துச்சுன்னு கேக்காக. வெவரமாச் சொல்லி அனுப்பு."

ஒரு நாள் கடைசியில் அணைக்கட்டைத் தாண்டிவிட்டேன். கட்டைகள், வெளுக்கிற வானம், மேல் மூலையில் பாறை. பாறைக்குக் குதித்தேன். அந்த நிழல் தாய் இல்லை. ஒரு மரத்தின் வேர். குட்டி அதைத் தொட்டதும் திரை கறுத்தது. ஒரு நொடி. அப்புறம் முதல் ஸ்டேஜின் பாட்டு தொடங்கியது. முதல் ஆற்றங்கரையில், மூன்று உயிரோடு, குட்டி மறுபடி நின்றுகொண்டிருந்தது.

கள்ளக் கேசட் என்றும், முடிவை வெட்டி எடுத்துவிட்டுத்தான் விற்பார்கள் என்றும் பிற்காலத்தில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. நான்தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று பட்டது.

டேப்ரிக்கார்டரில் பேட்டரிக்கட்டைகளைப் போட்டு, பேச்சைப் பதிகிற சிவப்புப் பட்டனை அழுத்தி, வாப்பாவுக்குச் சொன்னேன். தண்ணீர் வற்றிப்போகும் வாப்பா. நடு ஆற்றில் ஒரு கல்மண்டபம் தெரியும். அதுக்குக் கீழ தாய் படுத்துக் கிடக்கும். ஒண்ணு இல்லை, மூணு நாலு கிடக்கும். குட்டிக்கு எது தாய்னு தெரியாது. எல்லாத்து மேலயும் ஏறி ஏறி மோந்து பாக்கும். ஒண்ணு மட்டும் கண்ணைத் திறக்காம வாலை எடுத்து அது மேல போடும். அதோட படம் முடிஞ்சிரும்.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்தபோது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கேம் பெட்டியை நான் பரணில் ஏற்றியிருந்தேன். எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று அந்த லீவு முழுக்கப் பயந்தேன். அவர் கேட்கவே இல்லை. பத்திரிகை கொடுக்கப் போகிற வேலையே சரியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆடவும் எங்களுக்கு வயது மீறிப்போயிருந்தது. ஆனால் பரணைப் பார்த்தால், எடுக்கச் சொல்லமாட்டாரா என்றும் இருந்தது.

இப்போது வாப்பா ஊரோடு வந்துவிட்டார். உம்மா இல்லை. அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. போன மாதம் என் மகள், அவர் சொன்ன அடையாளத்தை வைத்துப் போனில் தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அடுப்படியில் நின்றேன்.

"இதானே நீங்க சொன்ன நீர்நாயி? முழுப் படமும் கெடக்கு. போடட்டா?"

வந்து தடுப்பதா, தடுத்தால் என்ன சொல்வது? கரண்டியோடு நின்றேன். உண்மையில் அந்தக் குட்டி சேர்ந்ததா என்று எனக்கும்தான் தெரியாது.

வாப்பா போனைக் கையில் வாங்கி, நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். குட்டி கட்டை மேல் நிற்கிற அதே படம்தான் இருந்திருக்க வேண்டும். விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்குளா? முடிவு எனக்குத்தான் தெரியுமே. உங்க உம்மா அன்னைக்கே பேசி அனுப்பிட்டா."

அவர் அடுப்படிப் பக்கம் பார்க்கவில்லை. தேநீர் கேட்டார். என் மகள் போனைச் சார்ஜில் செருகிவிட்டுப் போனாள். நான் தேநீரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். திரும்பும்போது நின்று, அந்தச் சார்ஜர் மேல் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. உடனே கையை எடுக்க மனம் வரவில்லை.